போனை மாற்றச் சொன்னவர்களுக்கு

ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். உபயம் பதிகிற கோயில் செயலி ஒரு பாட்டியின் போனில் ஓடாமல் தொங்க, குறை அவர் போனில்தான் என்று எல்லார் முன்னாலும் சொன்னார்கள். நேற்று கோயிலின் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் மறுபடியும் அதே பதில்: "செயலி மெதுவா இருந்தா போனை மாத்துங்க." கூடவே சிரிக்கிற பொம்மை வேறு.

கோளாறு போனில் இல்லை, செயலியில். மென்பொருள் தொழிலில் சோறு தின்கிறவன் சொல்கிறேன்.

உபயப் பட்டியலைத் திறந்தால் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்தேன். 200 பெயரைக் காட்ட, பட்டியலை ஒருமுறை கேட்கிறது. அப்புறம் ஒவ்வொரு பெயருக்கும் தனித்தனியாகச் சர்வருக்குப் போய் வருகிறது. ஒரு தடவைக்கு 100 மில்லிவினாடி என்றாலும் வரிசையாகப் போனால் 20 வினாடி. தரவுத்தளத்தில் ஒரு ஜாயின் போட்டால், அதாவது பட்டியலையும் விவரங்களையும் சேர்த்துக் கேட்டால், ஒரே கேள்வியில் முடியும். இங்கே மலேசியாவில், சுங்கை சிப்புட் பட்டணத்தைத் தாண்டித் தோட்டத்துக்குள் போனால் லைன் கிடைக்கிற லட்சணம் செயலியை எழுதியவருக்குத் தெரியாது போல.

படங்கள் இன்னும் மோசம். தபால்தலை அளவில் காட்டுகிற முகத்துக்கு 12 மெகாபிக்சல் (ஒரு கோடியே இருபது லட்சம் புள்ளி) படத்தைச் சுருக்காமல் இறக்குகிறது. கோப்பு 4 எம்பிதானே என்பார்கள். திரையில் காட்ட அதை நினைவகத்தில் விரிக்கும்போது ஒவ்வொரு புள்ளிக்கும் 4 பைட், ஆக 48 எம்பி. இருபது படம் சேர்ந்தால் ஏறக்குறைய 1 ஜிபி. 2 ஜிபி ராம் உள்ள போன் தொங்காமல் என்ன செய்யும்?

என் அம்மா வைத்திருப்பதும் பழைய போன்தான். அதில் புலனம் ஓடுகிறது, யூடியூப்பில் பக்திப் பாட்டு ஓடுகிறது, வங்கிச் செயலிகூட ஓடுகிறது. 200 பெயர் மட்டும் ஓடாதாம்! நான் எதை எழுதினாலும் முதலில் அம்மாவின் போனில்தான் போட்டுப் பார்ப்பேன். "என்னய்யா, சுத்திக்கிட்டே இருக்கு" என்றால் அது வெளியே போகாது.

"அவசரப்பட்டு வேகத்தைத் துரத்துவதுதான் எல்லாத் தீமைக்கும் வேர்னு கனூத்தே சொல்லியிருக்காரு அண்ணே" என்று ஒரு தம்பி பாடம் எடுத்தார். கணினி அறிவியல் மேதை டொனால்ட் கனூத் 1974இல் எழுதியது அது. 97 விழுக்காடு இடங்களில் சில்லறைச் சிக்கனத்தை மறந்துவிடு என்றவர், அடுத்த வரியிலேயே முக்கியமான 3 விழுக்காட்டைக் கைவிடாதே என்கிறார். அந்த 3 எது என்று அளந்து பார்க்கச் சொன்னவரும் அவர்தான். நான் அளந்தேன். நீங்கள் அளந்தீர்களா, தம்பி?

செயலியை இலவசமாகச் செய்து கொடுத்தார்களாம். சரி, நன்றி.

பொறாமை என்றும் ஒருவர் எழுதியிருந்தார். மண்டபத்து வைஃபை படுத்தால் இரவு பத்து மணிக்கும் என் எண் நிர்வாகத்துக்கு ஞாபகம் வருகிறது. செயலி என்றதும் கோலாலம்பூரிலிருந்து ஆள் வேண்டியிருக்கிறது. வலித்ததா? வலித்தது. அதற்கும் அந்த 20 வினாடிக்கும் என்ன சம்பந்தம்?

குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். அதில் குடும்பம் நடத்துகிற வீட்டில் போய்ப் போனை மாற்று என்று சொல்ல வாய் எப்படி வருகிறது? தோட்டத்து மரத்தடியில் தகரக் கொட்டகையாக இந்தக் கோயில் இருந்த நாளிலிருந்து உபயம் செய்கிற குடும்பம் அந்தப் பாட்டியுடையது. ரப்பர் பால்மரம் சீவின காசில் செய்தார்கள். அவரை நாலு பேர் முன்னால் நிற்கவைத்து, "பாட்டி, உங்க போன் பழசு" என்றால் சிரிப்பதற்கும் ஆள் இருந்தது.

கடைசியில் பாட்டியின் பெயரையும் தேதியையும் நானே தாளில் எழுதிச் செயலாளரிடம் நீட்டினேன். வாங்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "செயலியில ஏத்தினாத்தான் ரசீது வரும், தம்பி."