லாரி ஹோம்ஸுக்கு மட்டும் ஏன்யா தனிச் சட்டம்?

"எல்லாக் காலத்துக்குமான தலைசிறந்த பத்து ஹெவிவெயிட் குத்துச்சண்டை வீரர்கள்" என்று யார் பட்டியல் போட்டாலும் என் கண் முதலில் தேடுவது, 1978 முதல் 1985 வரை உலகச் சாம்பியனாக இருந்த அமெரிக்கர் லாரி ஹோம்ஸின் பெயரைத்தான். ஒன்பதாவதோ பத்தாவதோ இடத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். இல்லையென்றால் "இவர்களையும் சொல்லலாம்" என்று கடைசியில் நாலைந்து பேரோடு சேர்த்துத் தள்ளியிருப்பார்கள். பல பட்டியல்களில் அதுவும் கிடையாது. ஏன் என்று கேட்டால், எல்லோரும் ஒரே வாத்தியாரிடம் மனப்பாடம் செய்த மாதிரி ஒரே பதில்: "அவர் காலத்துல உருப்படியான எதிரியே இல்லையே. அலியை அடிச்சாரு, அதுவும் வயசான அலியை."

இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. இன்று கொட்டித் தீர்த்துவிடுகிறேன்.

அந்த "வயசான அலி"யிலிருந்தே ஆரம்பிப்போம். 1980 அக்டோபர் 2, லாஸ் வேகாஸ். முகமது அலிக்கு 38 வயது. இரண்டு வருடமாக ரிங்குக்குள் கால் வைக்கவில்லை. உடம்பு வெளியே பார்க்க மெலிந்து அழகாக இருந்தது, உள்ளே ஒன்றும் இல்லை. தைராய்டு மாத்திரை வேறு எடுத்துக்கொண்டிருந்தார். பத்து ரவுண்டு நடந்தது. புள்ளி போடும் மூன்று நடுவர்களும் பத்து ரவுண்டையும் ஹோம்ஸுக்கே கொடுத்தார்கள். பத்தாவது முடிந்ததும் அலியின் பயிற்சியாளர் ஏஞ்சலோ டண்டீ போதும் என்று நிறுத்திவிட்டார். பிந்தைய ரவுண்டுகளில் ஹோம்ஸ் ரிங்குக்குள் நிற்கும் நடுவரைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறார், நிறுத்துய்யா என்பது போல. அலியிடம் ஸ்பாரிங் பார்ட்னராக வேலை பார்த்துத் தொழில் கற்றுக்கொண்ட ஆள் அவர். ஜெயித்த பிறகு அழுதார்.

சரி, இந்த வெற்றியைக் கணக்கில் சேர்க்காதீர்கள் என்கிறீர்களா? சேர்க்க வேண்டாம். எனக்கு முழுச் சம்மதம்.

ஆனால் அதே ஆள் அடுத்த மூச்சில் என்ன சொல்வார் தெரியுமா? "டைசன் ஹோம்ஸை நாலே ரவுண்டுல முடிச்சாரே, பார்க்கலியா?" என்பார். பார்த்தேன் ஐயா. 1988 ஜனவரி 22, அட்லாண்டிக் சிட்டி. ஹோம்ஸுக்கு அப்போது என்ன வயது? 38. ரிங்கை விட்டு எவ்வளவு நாள் ஒதுங்கியிருந்தார்? கிட்டத்தட்ட இரண்டு வருடம். அதே வயது, ஏறக்குறைய அதே இடைவெளி. ஹோம்ஸ் 38 வயது அலியை அடித்தால் அது பாவம், டைசன் 38 வயது ஹோம்ஸை அடித்தால் அது சாதனை. இது எந்த ஊர் நியாயம்?

49 சண்டையிலும் தோற்காமலே ஓய்வுபெற்ற சாம்பியன் ராக்கி மார்சியானோவின் கதையையும் எடுத்துக்கொள்ளுங்கள். 1951 அக்டோபரில் அவர் எட்டாவது ரவுண்டில் முடித்த முன்னாள் சாம்பியன் ஜோ லூயிஸுக்கு 37 வயது. லூயிஸ் ஏற்கெனவே ஒருமுறை ஓய்வு அறிவித்துவிட்டு, வரி பாக்கிக்காகத் திரும்பி வந்தவர். அந்தச் சண்டை முடிந்ததும் மார்சியானோவும் அழுதார். ஆனால் அது "சகாப்தம் கைமாறிய இரவு" என்று இன்றுவரை புல்லரித்துப் பேசப்படுகிறது. ஹோம்ஸ் அழுதது மட்டும் யாருக்கும் ஞாபகம் இல்லை. எல்லோருக்கும் பிடித்த அலியை அடித்துவிட்டார் அல்லவா, அந்தக் குற்றத்துக்கு மன்னிப்பே கிடையாது.

"எதிரியே இல்லை" என்கிற பல்லவிக்கு வருகிறேன். இதில்தான் எனக்கு ரத்தம் கொதிக்கும்.

1978 ஜூனில், உலகப் பட்டம் வழங்கும் அமைப்புகளில் ஒன்றான உலகக் குத்துச்சண்டைக் கவுன்சிலின் பட்டத்தை ஹோம்ஸ் யாரிடமிருந்து பறித்தார்? கென் நார்ட்டனிடமிருந்து. அலியின் தாடையை உடைத்த நார்ட்டன். அலியோடு மூன்று முறை மோதி மூன்றிலும் கடைசி ரவுண்டு வரை நின்ற நார்ட்டன். அந்தச் சண்டைக்கு ஹோம்ஸ் வந்ததே இடது கையில் தசை கிழிந்த நிலையில். ஹோம்ஸின் மொத்த வித்தையும் அந்த இடது கைதான் என்பதை நினைத்துப் பாருங்கள். 14 ரவுண்டு முடியும்போது ஸ்கோர் சமம். பதினைந்தாவது ரவுண்டில் இரண்டு பேரும் நின்ற இடத்திலிருந்து பரிமாறிக்கொண்ட குத்துகள் இருக்கிறதே, ஹெவிவெயிட் வரலாற்றில் அதைவிட நல்ல ஒரு ரவுண்டு இருந்தால் எனக்குக் காட்டுங்கள். ஒரே ஒரு புள்ளியில், மூன்று நடுவர்களில் இருவர் மட்டும் அவர் பக்கம் நின்ற பிளவுபட்ட தீர்ப்பில் ஜெயித்தார். இதைப் பார்க்காமலே பட்டியல் போடுகிறார்கள் என்பது என் சந்தேகம். சந்தேகம் என்ன, நிச்சயம்.

அடுத்து எர்னி ஷேவர்ஸ். அந்தக் காலத்தில் வலது கையில் வெடிகுண்டு வைத்திருந்த ஆள் என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட மனிதர். 1979 செப்டம்பரில், ஏழாவது ரவுண்டில், அந்த வலது கை ஹோம்ஸின் தலையில் முழுசாக விழுந்தது. பலகை விழுந்த மாதிரி விழுந்தார். அதோடு முடிந்தது என்றுதான் பார்த்த எல்லோரும் நினைத்திருப்பார்கள். எழுந்தார். எழுந்ததோடு நிற்கவில்லை, பதினொன்றாவது ரவுண்டில் ஷேவர்ஸை மேற்கொண்டு ஆட முடியாதபடி அடித்து நிறுத்தியும் காட்டினார். இதே வேலையை அலி செய்திருந்தால் இந்நேரம் அதற்கு ஒரு கவித்துவமான பட்டப்பெயர் வைத்து நினைவு நாள் கொண்டாடியிருப்பார்கள்.

இப்போது கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். டைசன் 1986ல் இருபது வயதில் யாரை அடித்து உலகச் சாம்பியன் ஆனார்? ட்ரெவர் பெர்பிக்கை. 1987ல் இன்னொரு அமைப்பின் பட்டத்தை, தன் இரண்டாவதை, யாரிடமிருந்து எடுத்தார்? ஜேம்ஸ் ஸ்மித்திடமிருந்து. இந்த இரண்டு பேரையும் ஹோம்ஸ் ஏற்கெனவே அடித்துவிட்டார். பெர்பிக்கை 1981ல், ஸ்மித்தை 1984ல். பெர்பிக் ஹோம்ஸிடம் பதினைந்து ரவுண்டும் தாக்குப்பிடித்தார், டைசன் இரண்டே ரவுண்டில் முடித்தார், அதை மறுக்கவில்லை. ஆனால் ஸ்மித் விஷயம் தலைகீழ்: ஹோம்ஸ் அவரைப் பன்னிரண்டாவது ரவுண்டில் நிறுத்தினார், டைசனிடம் அவர் பன்னிரண்டு ரவுண்டும் கட்டிப்பிடித்தே ஓட்டிவிட்டார். ஹோம்ஸ் அடித்தபோது "யாருன்னே தெரியாத ஆளுங்க". டைசன் அடித்தபோது "உலகச் சாம்பியன்கள்". மைக் வீவரும் டிம் விதர்ஸ்பூனும் அதே கதைதான், ஹோம்ஸிடம் தோற்றுவிட்டுப் பிறகு போய்ச் சாம்பியன் ஆனார்கள். தன்னிடம் தோற்றவர்கள் நாளைக்கு என்ன ஆவார்கள் என்று ஜோசியம் பார்த்துவிட்டா அவர் சண்டைக்கு ஒப்புக்கொள்ள முடியும்?

எண்ணிக்கையையும் சொல்லிவிடுகிறேன், யாரும் கேட்பதில்லை என்றாலும். பட்டத்தை 20 முறை தக்கவைத்தார். ஹெவிவெயிட்டில் ஒரே தொடர்ச்சியில் அதற்கு மேலே இருப்பது ஜோ லூயிஸின் 25 மட்டும்தான். முதல் எட்டு முறையும் எதிராளியைக் கடைசி ரவுண்டு வரை விடவே இல்லை. முதல் தோல்வி வந்தபோது வயது 35. மொத்தம் 75 சண்டை, 69 வெற்றி, ஆறு தோல்வி, அந்த ஆறில் ஒரே ஒரு முறைதான் அவரை நிறுத்தி வீழ்த்த முடிந்தது. டைசன்தான், ஆமாம், தெரியும்.

ஹோம்ஸின் ஜாப், அதாவது முன் கையால் நேராக விடும் குத்து, பற்றிப் பேச ஆரம்பித்தால் நான் நிறுத்த மாட்டேன், ஆனால் பேசியே ஆக வேண்டும். நாக்அவுட் துணுக்குகளை மட்டும் பார்த்து வளர்ந்த கூட்டத்துக்கு ஜாப் என்றால் எதிராளியைத் தள்ளி நிறுத்தும் தட்டு, அவ்வளவுதான். ஹோம்ஸின் ஜாப் அப்படி இல்லை. இடது கை தாழ்வாக இருக்கும், எதிராளியின் பார்வைக்குக் கீழே. அங்கிருந்து நேராக, தோள் முன்கூட்டியே அசையாமல் வரும். வருவது தெரிவதற்குள் முகத்தில் இருக்கும். ஒன்று வந்ததே என்று தலையை நகர்த்தினால் இரண்டாவது அந்த இடத்தில் காத்திருக்கும். அலியின் ஜாப் வேகம், அலிக்கு முன் சாம்பியனாக இருந்த சோனி லிஸ்டனின் ஜாப் பாரம். ஹோம்ஸிடம் இரண்டும் சேர்ந்து இருந்தது. எதிராளியின் கண்ணை வீங்க வைத்து, மூச்சை வாங்க வைத்து, அவன் எதைத் தொடங்கினாலும் பாதியிலேயே கெடுத்து, பத்தாவது ரவுண்டு வரும்போது அவனிடம் ஒரு திட்டமும் மிச்சம் இல்லாமல் செய்துவிடும். இதை முப்பது வினாடித் துணுக்காக வெட்ட முடியாது. வெட்ட முடியாததாலேயே மனுஷனை மறந்துவிட்டார்கள்.

1982ல் ஜெர்ரி கூனியோடு நடந்த சண்டையைப் பாருங்கள். கூனி வெள்ளைக்காரர், தோற்காதவர், விளம்பரம் முழுக்க "வெள்ளையர்களின் நம்பிக்கை" என்கிற அசிங்கத்தின் மேல் கட்டப்பட்டது. ரிங்கில் சாம்பியனைக் கடைசியாக அறிமுகப்படுத்துவதுதான் வழக்கம். அன்று சாம்பியன் ஹோம்ஸை முதலில் அறிமுகப்படுத்தினார்கள், கூனியைக் கடைசியில். ஹோம்ஸ் பதின்மூன்றாவது ரவுண்டில் கூனியை முடித்துவிட்டார். பிறகு ஸ்கோர் அட்டையைப் பார்த்தால் தலை சுற்றுகிறது: இடுப்புக்குக் கீழே அடித்ததற்காகக் கூனிக்கு மூன்று புள்ளி வெட்டியிராவிட்டால், பன்னிரண்டு ரவுண்டு முடிவில் இரண்டு நடுவர்களின் அட்டையில் கூனிதான் முன்னால் இருந்திருப்பார்! அன்றைக்கே அவருக்கு ஒரு கணக்கு, மற்றவர்களுக்கு ஒரு கணக்கு.

ஹோம்ஸ் மேல் குறையே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. இருக்கிறது. உலகக் குத்துச்சண்டைக் கவுன்சில் கிரெக் பேஜ் என்ற வீரரோடு மோதச் சொன்னபோது பணத் தகராறில் மோதாமல், 1983 கடைசியில் அந்தப் பட்டத்தையே விட்டுவிட்டு, புதிதாக முளைத்த ஐ.பி.எஃப். அமைப்பின் பட்டத்தை வாங்கிக்கொண்டார். விதர்ஸ்பூன் மயிரிழையில் தோற்றார், மறுசண்டை கொடுத்திருக்க வேண்டும், கொடுக்கவில்லை. ஜோ ஃப்ரேசியரின் மகன் மார்விஸ், பத்தே சண்டை அனுபவம் உள்ள பையன், அவனை ஒரே ரவுண்டில் அடித்ததில் பெருமை ஒன்றும் இல்லை. 1985ல் கார்ல் வில்லியம்ஸிடம் தோற்றிருக்க வேண்டும் என்று சொல்பவர்களோடு நான் சண்டைக்குப் போக மாட்டேன். இன்னொரு அமைப்பான டபிள்யூ.பி.ஏ.வின் சாம்பியனோடு மோதிப் பட்டங்களை ஒன்றாக்கவும் இல்லை. இதையெல்லாம் சொல்லித் திட்டுங்கள், உட்கார்ந்து கேட்கிறேன். ஆனால் இதைச் சொல்லி யாரும் திட்டுவதில்லையே! இதெல்லாம் தெரிந்தால்தானே திட்டுவதற்கு.

அவர் வாயும் அவருக்கு எதிரி, ஒப்புக்கொள்கிறேன். 48 வெற்றி, தோல்வி இல்லை, இன்னும் ஒன்று ஜெயித்தால் மார்சியானோவின் 49ஐத் தொடலாம் என்ற நிலையில் 1985 செப்டம்பரில் மைக்கேல் ஸ்பிங்க்ஸிடம் தோற்றார். தோற்ற எரிச்சலில், தன் உள்ளாடையைத் தூக்கக்கூட மார்சியானோவுக்குத் தகுதி இல்லை என்கிற ரீதியில் உளறிவிட்டார். இறந்துபோன மனிதரைப் பற்றி அப்படிப் பேசியது அநாகரிகம்தான். பின்னால் மன்னிப்பும் கேட்டார். அடுத்த ஏப்ரலில் நடந்த மறுசண்டையில் அவர்தான் ஜெயித்தார் என்பது என் கட்சி, பலருடைய கட்சியும் அதுதான்; பிளவுபட்ட தீர்ப்பு ஸ்பிங்க்ஸ் பக்கம் போனது. ஒரு வாக்கியம் உளறியதற்காக ஒருவருடைய ஏழு வருட ஆட்சியை அழிப்பதா? அலி ஜோ ஃப்ரேசியரை கொரில்லா என்றே சொன்னாரே, பட்டியலில் ஒரு இடமாவது இறங்கினாரா?

"ப்ரைம் டைசன், அதாவது உச்சத்தில் இருந்த டைசன், முன்னால் ஹோம்ஸ் ரெண்டு ரவுண்டு தாங்க மாட்டார்" என்று ஒரு கோஷ்டி இருக்கிறது. நடக்காத சண்டையின் முடிவை நேரில் பார்த்த மாதிரி சொல்வார்கள். நான் நடந்ததைச் சொல்கிறேன். 1992 பிப்ரவரியில், 42 வயதில், ஒலிம்பிக் தங்கம் வென்ற, அதுவரை தோற்காத ரே மெர்சரோடு மோதினார் ஹோம்ஸ். மெர்சர் இளைஞர், கல் மாதிரித் தாடை, எதிரே வருபவர்களை நசுக்குகிற ஆள். ஹோம்ஸ் மூலையில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, ஜாபையும் வலது கையையும் வைத்தே பன்னிரண்டு ரவுண்டும் பாடம் நடத்தி ஜெயித்தார். அதே ஜூனில் இவாண்டர் ஹோலிஃபீல்டோடு பட்டத்துக்காக முழுப் பன்னிரண்டு ரவுண்டும் நின்றுதான் தோற்றார். ஜார்ஜ் ஃபோர்மேன் 45 வயதில் பட்டம் வென்றதைக் கொண்டாடுகிற நாம் இதையும் ஒரு வரி பேசினால் என்ன குறைந்துவிடும்?

என் பட்டியலைக் கேட்டால்: அலி, ஜோ லூயிஸ், மூன்றாவது ஹோம்ஸ். ஃபோர்மேன் நான்கு, மோதிய எல்லோரையும் ஒருமுறையாவது ஜெயித்த லெனாக்ஸ் லூயிஸ் ஐந்து. டைசன் எங்கே என்று கத்துவீர்கள். பத்துக்குள் எங்கே வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. பெர்பிக்கையும் ஸ்மித்தையும் அவருக்கு முன்னால் அடித்தது யார் என்று பக்கத்திலேயே எழுதிவிட்டு வையுங்கள்.