யானைச் சின்னத்துக்குக் காலாவதி தேதி உண்டா?

பட்டாளப் பயிற்சி முடித்து வரும் பையனுக்கு ஊர் முழுக்க ஃபிளெக்ஸ் வைக்கிறோம். சரி, வைக்கலாம். அக்னிபத் திட்டத்தில் சேர்ந்த அதே பையன் 4 வருடம் கழித்துத் திரும்பி வரும்போது அவன் யார்?

அக்கா மகனின் கசம் பரேடுக்காக, அதாவது பயிற்சி முடித்து உறுதிமொழி எடுக்கும் அணிவகுப்புக்காக, குன்னூர் பக்கம் வெலிங்டனுக்குப் போயிருந்தேன். மெட்ராஸ் ரெஜிமெண்ட் பயிற்சி மையம். கொடிக்கு முன்னால் அவரவர் வேதநூல் சாட்சியாக உறுதிமொழி எடுத்தார்கள். "வீர மதராசி, அடி கொல்லு அடி கொல்லு" என்று அத்தனை பேரும் ஒரே குரலில் கத்தியபோது, கூட்டத்தில் அழுதுகொண்டிருந்த குழந்தைகூட வாயை மூடிக்கொண்டது. பிறகு பெற்றோருக்கு கௌரவ் பதக் என்று ஒரு பதக்கம். அக்காவின் பட்டுச்சேலையில் அது நிற்கவே இல்லை. கனத்தில் மடிப்பு சரிய, வழிநெடுக ஒரு கையால் பிடித்துக்கொண்டே வந்தாள். பையன் என்னிடமே "ஜி சாப்" (சரி ஐயா) என்கிறான். பயிற்சி கொடுத்த உஸ்தாத் அந்த அளவுக்குப் பழக்கி வைத்திருக்கிறார்!

அவன் தொப்பியில் இப்போது யானை. கேடயத்தின் மேல் யானை, குறுக்கே இரண்டு வாள். 1803 அசாயே போரில் மதராஸ் படை சம்பாதித்த சின்னம் (கிழக்கிந்தியக் கம்பெனிக்காக மராத்தியரோடு போட்ட சண்டை அது, அந்தக் கதை தனி). உறுதிமொழியும் துப்பாக்கியும் எல்லைக் குளிரும் எல்லாச் சிப்பாய்க்கும் ஒன்றுதான். ஆனால் 2022-இல் வந்த அக்னிபத் திட்டப்படி, பயிற்சிக் காலத்தையும் சேர்த்து மொத்தமே 4 வருடம். அதிகபட்சம் 25 சதவீதம் பேர்தான் நிரந்தரம். மற்றவர்களுக்குச் சுமார் 11.71 லட்சம் ரூபாய் சேவா நிதி, அதாவது வெளியே வரும்போது கொடுக்கும் மொத்தத் தொகை. அதிலும் பாதி அவர்கள் சம்பளத்தில் பிடித்த பணமும் அதன் வட்டியும். பென்ஷன் இல்லை. முன்னாள் ராணுவத்தினர் என்ற தகுதியும் இல்லை.

ராணுவம் இளமையாக இருக்க வேண்டும் என்கிறார்கள். அந்த வாதத்தை நான் ஒதுக்கவில்லை. "தெரிந்துதானே கையெழுத்துப் போட்டான்" என்பதுதான் எரிச்சலாக இருக்கிறது. பதினேழரை வயதில், வேறு வேலை கண்ணில் படாத ஊரில் இருந்துகொண்டு, எந்த நிபந்தனையைப் பேரம் பேச முடியும்?

பென்ஷன் செலவு கட்டுப்படியாகாது என்றால், அதைக்கூட விடுங்கள். முன்னாள் ராணுவத்தினர் அடையாள அட்டை, ராணுவ மருத்துவமனை, கேன்டீன். குறைந்தபட்சம் இந்த மூன்றையாவது கொடுங்கள்.