அது நட்சத்திரம் பிறந்தது இல்லங்க

மேல ஒருத்தர் "2021ல காசியோப்பியால புது நட்சத்திரம் பிறந்துச்சு, நாசா கண்டுபிடிச்சாங்க"ன்னு போட்டு (காசியோப்பியாங்கிறது ஒரு நட்சத்திரக் கூட்டம்) அதுக்கு அத்தனை லைக் வேற. ரெண்டுமே தப்பு. மார்ச் 18 அன்னைக்கு அதை முதல்ல பார்த்தது ஜப்பான்ல யூஜி நகாமுரான்னு ஒரு அமெச்சூர் வானியல் ஆர்வலர், அதுவும் சாதாரண 135 எம்எம் கேமரா லென்ஸ்ல எடுத்த போட்டோல, அப்ப அது 9.6 மாக்னிட்யூட்தான் (பிரகாசத்தோட அளவு, எண் கூடக்கூட மங்கல்). உடனே கியோட்டோ யூனிவர்சிட்டிக்காரங்க 3.8 மீட்டர் செய்மெய் டெலஸ்கோப்ல ஸ்பெக்ட்ரம் (ஒளியை நிறம் நிறமா பிரிச்சுப் பார்க்குறது) எடுத்து நோவாதான்னு, அதாவது இருக்குற நட்சத்திரத்தோட மேல்பரப்பு வெடிச்சு திடீர்னு பிரகாசமானதுதான்னு உறுதி பண்ணாங்க.

பிறந்ததும் இல்ல, செத்ததும் இல்ல (நட்சத்திரமே வெடிச்சு சாகுற சூப்பர்நோவா கூட குழப்பிக்காதீங்க). ஒரு வெள்ளைக் குள்ளன் (எரிபொருள் தீர்ந்த நட்சத்திரத்தோட மிச்சமான அடர்த்தியான கரு) பக்கத்துல சுத்துற ஜோடி நட்சத்திரத்துகிட்ட இருந்து ஹைட்ரஜனை இழுத்து இழுத்து மேல சேர்த்துக்கிட்டே இருக்கும், அடியில அழுத்தமும் சூடும் ஏறி ஒரு கட்டத்துல அணுக்கரு இணைவு கட்டுக்கடங்காம பத்திக்கும், மேல்தோல் மட்டும் தெறிச்சு போகும், உள்ள இருக்குற குள்ளன் அப்படியே இருக்கும். இன்னும் சொல்லப்போனா அந்த இடத்துல ஒரு மங்கலான இரட்டை நட்சத்திரம் இருக்குன்னு வெடிக்கிறதுக்கு முன்னாடியே கேட்டலாக்ல பதிவாகியிருக்கு, பேரு வி1405 காஸ்னு வந்ததுதான் அப்புறம்.

மார்ச்லயே அடங்கிடும்னு பார்த்தா மே மாசம் திரும்ப ஏறி வெறும் கண்ணுக்கே தெரியுற அளவு வந்துச்சு பாருங்க, அதைப் பத்தி யாராச்சும் போஸ்ட் போட்டா நல்லாருக்கும்.