பவுல் சண்டை போட்ட ஆளின் அண்ணன்

எனக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னூட்டத்தில் ‘நீங்க எந்தச் சபை?’ என்று கேட்பீர்கள்.

டிசம்பர் வந்தால் ‘இயேசு என்று ஒருவர் இருந்ததே இல்லை’ என்ற பதிவை என் நாத்திக நண்பர்கள் தவறாமல் பகிர்கிறார்கள். இது 19ஆம் நூற்றாண்டிலேயே புரூனோ பவர் என்ற ஜெர்மானியர் கிளப்பிய வாதம். எனக்கு இதில் உடன்பாடில்லை. காரணம், இயேசுவின் தம்பி யாக்கோபு.

சிலுவை மரணம் நடந்து 20, 25 வருடங்களுக்குள், ஆரம்பகாலக் கிறிஸ்தவப் பிரசாரகரான பவுல் கலாத்தியருக்கு (இன்றைய துருக்கிப் பகுதியில் இருந்த சபையினருக்கு) ஒரு கடிதம் எழுதுகிறார். கோபத்தில் எழுதிய கடிதம். ‘நான் சொல்வதை எந்த மனிதரிடமும் கற்கவில்லை’ என்பதுதான் அதில் அவர் வாதம். அப்படிப்பட்டவர், எருசலேமுக்குப் போய் கேபாவோடு (அதாவது பேதுருவோடு) 15 நாள் தங்கியதையும், ‘கர்த்தருடைய சகோதரனாகிய யாக்கோபு’வைப் பார்த்ததையும் ஒப்புக்கொள்கிறார். வேறு அப்போஸ்தலர் யாரையும் பார்க்கவில்லை, நான் சொல்வது பொய்யில்லை என்று கடவுளைச் சாட்சிக்கு வேறு கூப்பிடுகிறார். தன் வாதத்துக்கு இடைஞ்சலான சந்திப்பை யாராவது கற்பனை செய்து எழுதுவார்களா? அப்புறம் அந்தியோகியாவில் யாக்கோபிடமிருந்து வந்த ஆட்களால் பந்தியில் பெரிய தகராறே நடக்கிறது. யூதர்கள் யூதரல்லாதவரோடு உட்கார்ந்து சாப்பிடலாமா என்ற தகராறு. நமக்குப் புரியாத விஷயமா என்ன?

‘சகோதரன் என்றால் சபை சகோதரன்’ என்பார்கள். சரி, அப்படியென்றால் கேபாவுக்கு ஏன் அந்தப் பட்டம் இல்லை? கொரிந்தியருக்கு எழுதும்போதும், மனைவியைக் கூட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறவர்கள் என்று மற்ற அப்போஸ்தலர்களையும் கர்த்தருடைய சகோதரர்களையும் கேபாவையும் தனித்தனியாகத்தான் சொல்கிறார்.

அடுத்து ஜோசிபஸ், முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர். அவருடைய ‘யூதர்களின் தொன்மை வரலாறு’ நூலின் 18ஆம் புத்தகத்தில் இயேசுவைப் பற்றி வரும் பத்தியில் பிற்காலக் கிறிஸ்தவர்கள் கை வைத்திருக்கிறார்கள். ஜோசிபஸ் இயேசுவைக் கிறிஸ்துவாக ஏற்கவில்லை என்று 3ஆம் நூற்றாண்டிலேயே ஓரிஜன் என்ற கிறிஸ்தவ அறிஞர் எழுதியிருக்க, அந்தப் பத்தியோ ‘இவரே கிறிஸ்து’ என்கிறது. அதை விட்டுவிடுவோம். 20ஆம் புத்தகத்தில், கி.பி. 62இல் அனனஸ் என்ற தலைமைக் குரு ‘கிறிஸ்து எனப்பட்ட இயேசுவின் சகோதரர் யாக்கோபு’வைக் கல்லெறிந்து கொல்ல ஒப்படைத்ததையும், அதனால் அவர் பதவி பறிபோனதையும் போகிறபோக்கில் சொல்கிறார். எருசலேம்காரரான ஜோசிபஸுக்கு அப்போது 25 வயது இருக்கும். அவர் காலத்து உள்ளூர்ச் செய்தி அது.

‘சுவிசேஷங்கள் முரண்படுகின்றனவே’ என்பது இன்னொரு கேள்வி. ஆமாம், முரண்படுகின்றன. இயேசு பிறந்தபோது அரசாண்டதாக மத்தேயு சொல்லும் ஏரோது இறந்தது கி.மு. 4இல். அவர் பிறந்த நேரத்தில் நடந்ததாக லூக்கா சொல்லும் குடிமதிப்பு (மக்கள்தொகைக் கணக்கெடுப்பு), சிரேனியு ஆளுநராக இருந்த கி.பி. 6இல். கிட்டத்தட்ட பத்து வருட இடைவெளி. ஆனால் இருவரும் எதற்காகப் படாதபாடு படுகிறார்கள் பாருங்கள்: நாசரேத்துக்காரரை, மேசியா பிறக்க வேண்டிய ஊர் என்று தீர்க்கதரிசனம் சொன்ன பெத்லகேமில் பிறக்கவைக்க. வெறும் கற்பனை என்றால் நேராகப் பெத்லகேம்காரர் என்றே எழுதிவிட்டுப் போயிருக்கலாமே.

தண்ணீர் மேல் நடந்ததையோ உயிர்த்தெழுந்ததையோ இதை வைத்து நிரூபிக்க முடியாது. நான் அதை நம்பவும் இல்லை. நான் நம்புவது மாற்கு 3:21இல் வருகிற ஆளை: ‘புத்தி பேதலித்துவிட்டது’ என்று சொல்லி, சொந்தக் குடும்பமே பிடித்துக்கொண்டு போக வந்த ஆளை.