பதினெட்டு ஆகட்டும் என்று சொல்கிறவர்களுக்கு

போன மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம். வாரச் சம்பளம் போட்டு முடித்துக் கணக்கைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருக்கும் ஓர் அக்கா கூட்டம் கலையும்வரை வாசல் ஓரமாகவே நின்றிருந்தார். எல்லோரும் போனபிறகு உள்ளே வந்து, கட்டைப் பையிலிருந்து ஒரு ரஃப் நோட்டை எடுத்து என் மேசையில் வைத்தார். "கடைசிப் பக்கத்தைக் கொஞ்சம் பாருங்க தம்பி" என்றார்.

540, 539, 538 என்று இறங்குவரிசையில் எண்கள். ஒவ்வொன்றின் மேலும் ஒரு கோடு. கோடு விழாமல் கடைசியில் இருந்தது 512.

பிளஸ் ஒன் படிக்கும் அவருடைய பிள்ளையின் நோட்டு அது. எண் குறைந்துகொண்டே போய் பூஜ்யம் வரும் அன்று பிள்ளை என்ன செய்துகொள்ளப் போகிறதோ என்று நான்கு ராத்திரியாக அவர் தூங்கவில்லை. பிள்ளையிடம் கேட்கவும் பயம். நான் திருநம்பி, அதாவது பெண் என்று வளர்க்கப்பட்ட ஆண் என்பது கம்பெனியில் எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் என்னிடம் வந்திருக்கிறார்.

பிறந்த தேதியைக் கேட்டுக் கூட்டிப் பார்த்தேன். பூஜ்யம் வருவது பதினெட்டாவது பிறந்தநாளில்.

"நீங்க ஏதாவது சொன்னீங்களாக்கா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார். அப்புறம் சொன்னார். பத்தாவது படிக்கும்போது ஒரு நாள் பிள்ளை, "நான் பொண்ணு இல்லம்மா, பையன்" என்று அழுதிருக்கிறது. இவருக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்ததாம். "பதினெட்டு ஆகட்டும் பாப்பா, அப்புறம் பார்த்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார். சொன்னதையே மறந்துவிட்டார்.

பிள்ளை மறக்கவில்லை. அம்மா தள்ளிப்போடச் சொன்ன ஒரு பேச்சை, அம்மா கொடுத்த வாக்காக எடுத்துக்கொண்டு ஒவ்வொரு நாளாக அடித்துக்கொண்டு வருகிறது.

இருவரிடமும் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். ஆள் அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன். எனக்குச் சொல்ல இருப்பது ஒன்றுதான். பதினெட்டு ஆகட்டும் என்று சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது. ஆனால் சொன்ன வாய்க்கு ஒரு கடனும் இருக்கிறது. அந்தப் பதினெட்டு வருகிறவரை பிள்ளை எப்படி மூச்சு விடும் என்பதையும் நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

நானும் எண்ணிய ஆள்தான். சிவகாசிப் பக்கம் என் ஊர். அப்பா அச்சகத்தில் வேலை பார்த்தார். எங்கள் ஊரில் அடுத்த வருஷம் எப்போதுமே சீக்கிரம் வந்துவிடும். ஆடிப்பெருக்குக்கே புது வருஷ காலண்டர் ஆல்பம் தயாராகிவிடும். 2012ன் தினசரிக் காலண்டரில் என் பிறந்தநாள் தாளை நான் 2011லேயே பார்த்துவிட்டேன். கிழமை, நல்ல நேரம், ராகு காலம் எல்லாம் அச்சாகியிருந்தது. அந்த ஒரு தாளை மட்டும் கிழித்து ஜாமெட்ரி பாக்ஸில் வைத்துக்கொண்டேன். கணக்குப் பரீட்சையில் காம்பஸ் எடுக்கும்போதெல்லாம் அது கண்ணில் படும்.

காத்திருப்பது என்றால் சும்மா உட்கார்ந்திருப்பது என்று பெரியவர்கள் நினைக்கிறார்கள். பிள்ளையை நாம் பொறு என்கிறோம். உடம்பு பொறுப்பதில்லை. எனக்குப் பதின்மூன்று வயதில் சடங்கு வைத்தார்கள். தாய்மாமன் சீர் கொண்டுவந்தார். பட்டுப் புடவை கட்டி, பூ வைத்துப் பின்னி, மண்டபத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். என் அம்மாவுக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷத்தை நான் குறைத்துச் சொல்லமாட்டேன், அவர் மனசார ஆசைப்பட்டுச் செய்தார். ஊரே வந்து மஞ்சள் தண்ணீர் ஊற்றி, என் உடம்பில் நடந்ததை வாழ்த்திவிட்டுப் போனது. அந்த உடம்பை நான் வெறுத்துக்கொண்டிருந்தேன். அந்த ஆல்பத்தில் ஒரு படத்தில்கூட என் கண் கேமராவைப் பார்க்கவில்லை. யாரும் அதைக் கவனிக்கவில்லை. வெட்கம் என்றார்கள்.

அதற்குப் பிறகு நான் உயிரோடு இருந்ததற்கு ஒரு காரணம் பள்ளிக்கூட ஓவர்கோட். சிரிக்காதீர்கள், நிஜமாகச் சொல்கிறேன். மேல் வகுப்புப் பெண் பிள்ளைகளுக்குச் சுடிதாருக்கு மேல் போட ஒரு கோட் கொடுப்பார்கள். மானத்தை மறைக்கக் கொடுத்தது. எனக்கு அது நெஞ்சை மறைத்தது. மே மாத வெயிலிலும் அதைக் கழற்றமாட்டேன். வீட்டுக்கு வந்தபிறகும் போட்டுக்கொண்டே இருப்பேன். கோட் இல்லாத நாள்களில் நெஞ்சை இறுக்கிக் கட்ட கிரேப் பேண்டேஜ். மருந்துக்கடையில், கால் சுளுக்கு என்று சொல்லி வாங்கினேன். ஒரு நாள் காலைப் பிரேயரில் மூச்சு முட்டி விழுந்துவிட்டேன். சாப்பிடாமல் வந்திருக்கும் என்று டீச்சர் பிஸ்கட் வாங்கிக் கொடுத்தார். நல்ல டீச்சர். அவருக்குத் தெரியாது. விலா எலும்போரம் பல நாள் வலித்தது.

இதைப் படிக்கும் தம்பிகளுக்கு இடையில் ஒரு வார்த்தை. கிரேப் பேண்டேஜ் கட்டாதீர்கள். அது மூச்சு விடும்போது விரியாமல் இறுக்கிக்கொண்டே போகும். இறுக்கமான ஸ்போர்ட்ஸ் உள்ளாடையும் மேலே லூசான சட்டையும் போதும், தூங்கும்போது அதையும் கழற்றிவிடுங்கள். ஆண் ஹார்மோன் என்று ஜிம்மில் யாரோ தருகிற ஊசியையும் தொடாதீர்கள்.

பதினெட்டைப் பற்றி இன்னொன்றைச் சொல்ல வேண்டும். இதை வெளியில் யாரும் பேசிப் பார்க்கவில்லை. பெண் என்று வளர்க்கப்பட்ட எங்களுக்கு அந்த வயதில் இரண்டு கதவு ஒரே நாளில் திறக்கிறது. சட்டம் எங்களைப் பெரியவர்கள் என்று சொல்கிற அதே நாளில் வீடு எங்களைக் கல்யாணத்துக்குத் தயார் என்று சொல்கிறது. என் பதினெட்டாவது பிறந்தநாள் முடிந்த மூன்றாவது வாரம் ஜாதகம் எடுத்தார்கள். ஜாமெட்ரி பாக்ஸில் நான் பத்திரப்படுத்திய தாளை அப்போது எடுத்துப் பார்த்தேன். எதற்காக இத்தனை நாள் எண்ணினேன் என்று புரியவில்லை.

வயது கொடுப்பது விடுதலைக்கு அனுமதி மட்டும்தான். சம்பளம்தான் விடுதலை. நான் பி.காம். முடித்து வீட்டை விட்டு வந்தது 2015ல், 21 வயதில். மகளிர் கல்லூரியில் சேர்த்தால் பத்திரம் என்று நினைத்தார்கள். அந்த மூன்று வருஷமும் கல்யாணத்தைத் தள்ளிப்போட எனக்கு உதவியது அந்தப் படிப்புதான். கிளம்பிய பத்தாவது நாள், பெண்ணைக் காணவில்லை என்று வீட்டில் கொடுத்த புகாரில் என்னைப் பிடித்துக் கொண்டுபோய் விட்டார்கள். எனக்கு வயது 21 என்று ஸ்டேஷனில் ஒருவரும் கணக்கில் எடுக்கவில்லை. உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரல் 15 அன்றே, ஒருவர் தன் பாலினத்தைத் தானே சொல்லலாம் என்று நால்சா (தேசிய சட்டப்பணிகள் ஆணைக்குழு) வழக்கில் தீர்ப்புச் சொல்லியிருந்தது. அந்த ஸ்டேஷன் வரைக்கும் அது வந்து சேரவில்லை. மறுபடி கிளம்ப எட்டு மாதம் ஆனது. அப்போது அப்பா பீரோவில் பத்தாவது, பிளஸ் டூ மார்க் ஷீட், டி.சி., சாதிச் சான்றிதழ் எல்லாவற்றையும் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் கட்டிக்கொண்டார். உடுத்திய துணியோடு வந்தேன். பி.காம். படித்தவன் என்று காட்ட ஒரு தாள் இல்லாமல் ஒன்றரை வருஷம் பனியனுக்குக் கை மடிக்கும் வேலை செய்துகொண்டிருந்தேன், பீஸ் ரேட்டுக்கு. டூப்ளிகேட் வாங்கிய பிறகுதான் இந்த நாற்காலி.

இப்போது நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் கொடுத்த உத்தரவில், காணவில்லை என்று வரும் புகாரில் சம்பந்தப்பட்டவர்கள் வயது வந்தவர்கள், விருப்பப்பட்டுத்தான் வந்தார்கள் என்று தெரிந்தால், வாக்குமூலம் வாங்கிக்கொண்டு தொல்லை கொடுக்காமல் புகாரை முடிக்க வேண்டும் என்று போலீசுக்குச் சொன்னார். ஒருவரையொருவர் காதலித்து மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த இரண்டு பெண்களின் வழக்கு அது. எங்களைப் போன்றவர்களைக் குணப்படுத்துகிறேன் என்று மருத்துவம் பார்ப்பதற்கும் அதில்தான் தடை சொன்னார். அந்த வழக்கில் எனக்கு இன்னும் பெரிதாகத் தெரிவது வேறு. தனக்கு இந்த விஷயம் புரியவில்லை என்று அவர் வெளிப்படையாகச் சொல்லி, ஓர் உளவியல் நிபுணரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டு, அதற்குப் பிறகுதான் உத்தரவு எழுதினார். பெற்றோர்களிடம் நான் எப்போதும் இதைச் சொல்வேன். ஹைகோர்ட் ஜட்ஜே உட்கார்ந்து கேட்டார், நீங்கள் உங்கள் பிள்ளையிடம் அரை மணி நேரம் கேட்கக்கூடாதா?

ஆனால் போலீசுக்குச் சொன்ன அந்தப் பகுதி காப்பது வயது வந்தவர்களைத்தான். பதினாறுக்கும் பதினேழுக்கும் அதில் ஒன்றும் இல்லை. திருநங்கை, திருநம்பி எல்லோரையும் சேர்த்துத் திருநர் என்கிறோம்; 2019ல் வந்த திருநர் சட்டம், திருநர் என்பதற்காக எந்தக் குழந்தையையும் வீட்டிலிருந்து பிரிக்கக்கூடாது, கோர்ட் சொன்னால்தான் பிரிக்கலாம் என்றது. நல்ல எண்ணத்தில் எழுதியதுதான். பெற்றோரே அடிக்கிற வீட்டில் அது என்ன ஆகும்? ரத்த உறவு, கல்யாண உறவு, முறைப்படி தத்து, இவ்வளவுதான் அந்தச் சட்டத்துக்குக் குடும்பம். வீட்டை விட்டு ஓடிவந்த எத்தனையோ திருநங்கைப் பிள்ளைகளுக்குச் சோறு போட்டு வளர்த்த ஜமாத் அம்மாக்கள், அதாவது திருநங்கைகள் கூடி வாழும் குடும்பத்தின் மூத்தவர்கள், அதில் இல்லை. அடையாளச் சான்றிதழுக்கும் சிறுவர்களுக்காகப் பெற்றோரோ காப்பாளரோதான் மனுப் போட வேண்டும். பதினெட்டுக்குக் கீழ் உள்ள பிள்ளைக்கு யாராவது இரக்கப்பட்டு இடம் கொடுத்தால் கடத்தல் வழக்கு வரலாம். அதனால் எந்த அமைப்பும் பயப்படும். நானும் பயப்படுவேன்.

ஆக எல்லா வழியும் பெற்றோரின் கையில் போய் முடிகிறது. மிச்சம் இருப்பது பள்ளிக்கூடம். 2021ல் மத்திய அரசின் பாடநூல் அமைப்பான என்.சி.இ.ஆர்.டி., திருநர் பிள்ளைகளை வகுப்பில் எப்படி நடத்துவது என்று ஆசிரியர்களுக்காக ஒரு கையேடு வெளியிட்டது. எதிர்ப்பு வந்ததும் சில நாளிலேயே இணையத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். யூனிஃபார்ம், கழிப்பறை, கிண்டல், இதையெல்லாம் பற்றி ஆசிரியர்களுக்குச் சொல்லித்தர எழுதியது. எனக்கு அந்த நாள் ரொம்ப வலித்தது. அந்த பிஸ்கட் கொடுத்த டீச்சர் கையில் அப்படி ஒன்று இருந்திருந்தால் அன்றைக்கு என்னிடம் வேறு ஒரு கேள்வி கேட்டிருப்பார்.

எங்கள் ஆள்களிலேயே சிலர், "அங்க கிடந்து சாகாதே, கிளம்பி வந்துடு" என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறார்கள். அவர்கள் பட்ட பாட்டில் சொல்கிறார்கள், எனக்குப் புரிகிறது. ஆனாலும் நான் அப்படிச் சொல்லமாட்டேன். பதினைந்தில் படிப்பை விட்டு வந்த திருநங்கைத் தோழிகள் எனக்கு இருக்கிறார்கள். அதில் ஒருத்தி என்னைவிட நன்றாகக் கணக்குப் போடுவாள். இன்னும் கடை கடையாகக் காசு கேட்கத்தான் போகிறாள். வீட்டில் அடி விழுகிறது, உயிருக்கே ஆபத்து என்றால் அது வேறு. அப்போது குழந்தைகள் உதவி எண் 1098க்குக் கூப்பிடுங்கள். ராத்திரியில் செத்துவிடலாம் போலத் தோன்றினால் மனநல உதவி எண் 14416, தமிழிலும் பேசுவார்கள். மற்றபடி பிளஸ் டூவை முடியுங்கள்.

பெரிய ஆள்களைக் காட்டி ஊக்கம் கொடுப்பதிலும் எனக்கு ஒரு சின்னத் தயக்கம் உண்டு. திருநங்கை பிரித்திகா யாஷினி கோர்ட் வரை போய்ப் போராடி 2017ல் தர்மபுரியில் சப் இன்ஸ்பெக்டராகச் சேர்ந்தார். எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை. ஆனால் 512வது நாளில் நிற்கிற பிள்ளைக்கு நாளைக்குப் போட ஒரு சட்டை வேண்டும். கூப்பிட ஒரு பெயர் வேண்டும். அது வீட்டுக்குள் மட்டும் இருந்தாலும் போதும். நான் அந்த வயதில் மாடியில் துணி காயப்போடும்போது அண்ணன் சட்டையை ஐந்து நிமிஷம் போட்டுப் பார்த்துவிட்டுக் கொடியில் திரும்பப் போடுவேன். அந்த ஐந்து நிமிஷத்தில்தான் அன்றைய நாள் ஓடும்.

அக்காவிடம் இவ்வளவும் சொல்லவில்லை. சொன்னது கொஞ்சம்தான். பிள்ளைக்குச் சாகிற எண்ணம் இருக்கிறதா என்று நேராகவே கேளுங்கள், கேட்டால் எண்ணம் வந்துவிடாது என்றேன். இரட்டைச் சடை வேண்டாம் என்றால் ஸ்கூலில் பேசி ஒற்றையாக்குங்கள் என்றேன். வீட்டில் சட்டை போட்டால் போடட்டும் என்றேன். சொந்தக்காரர்கள் மாப்பிள்ளைப் பேச்சு எடுத்தால், படிக்கிற பிள்ளை என்று நீங்களே முதலில் வாயை அடையுங்கள் என்றேன். என் பீரோ கதையையும் சொன்னேன். அவர் எதற்கும் பதில் சொல்லவில்லை. நோட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, "நான் சும்மாதான் தம்பி சொன்னேன் அன்னிக்கு" என்றார். அவ்வளவுதான். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினார்.

மூன்று வாரம் என்னிடம் பேசவே இல்லை. செக்கிங் டேபிளைத் தாண்டிப் போனால் தலையைக் குனிந்துகொள்வார். தப்பாகப் பேசிவிட்டேனோ என்று இருந்தது.

நேற்று டீ நேரத்தில் வந்தார். கையில் ஒரு புது பிளாஸ்டிக் ஃபைல், பட்டன் வைத்தது. உள்ளே பத்தாவது மார்க் ஷீட், ஆதார், சாதிச் சான்றிதழ், பேங்க் பாஸ்புக். ஜெராக்ஸ் எத்தனை காப்பி எடுத்து வைக்கணும் என்று கேட்டார். அஞ்சு எடுங்கக்கா என்றேன்.

"ஒரிஜினல பாப்பா கையிலயே குடுத்துடலாமா தம்பி? தொலைச்சுடுமோ?"

"தொலைக்காதுக்கா" என்றேன்.