எழுதி முடிந்தது என்று சொன்னால் போதுமா?

பெட்டியில் 24 என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறான். போன மாதம் கிளிநொச்சியில் ஒரு கடையில் வாங்கிய டிவிடி றைட்டரைத்தான் சொல்கிறேன், யுஎஸ்பியில் செருகுகிற மெல்லிய ரகம். அந்த 24 சீடிக்கு உரிய வேகம். டிவிடிக்கு அது எழுதுவது 8 தான். அதைப் பெட்டியின் அடியில் எறும்பு அளவில் போட்டிருக்கிறது. சீடியில் ஒரு மடங்கு என்றால் நொடிக்கு 150 கிலோபைட். டிவிடியில் ஒரு மடங்கு ஏறக்குறைய 1,385 கிலோபைட். கணக்குப் போட்டுப் பாருங்கள், பெரிதாக அச்சடித்த 24ஐ விடச் சின்னதாக அச்சடித்த 8 மூன்று மடங்கு வேகம். இது தெரியாமல் பெரிய எண்ணைப் பார்த்துக் காசு கொடுக்கிற சனத்துக்கு யார் பதில் சொல்வது?

நான் இதை வாங்கியது விளையாட்டுக்கு இல்லை. 2009இல், யுத்தத்தில் இடம்பெயர்ந்தபோது, எங்கள் அல்பங்கள் எல்லாம் விசுவமடுவில் விட்டது விட்டதுதான். அப்பப்பா நடந்து, சிரித்து, கதைத்து இருக்கிற ஒரே படம் 2012இல் நடந்த தங்கச்சியின் கலியாண வீடியோ மட்டும். படம் எடுத்தவர் அதை இரண்டு டிவிடியில் எழுதி, மேலே மாப்பிள்ளை பொம்பிளை படத்தைக் காகிதத்தில் ஒட்டித் தந்தார். அப்பப்பா இப்போது இல்லை. ஆட்டத்திவசத்துக்குப் போட்டுப் பார்ப்போம் என்று எடுத்தால், முதல் வட்டின் கடைசியில், அவர் அறுகரிசி போடக் கையை உயர்த்துகிற இடத்தில், படம் கட்டம் கட்டமாக உடைந்து நிற்கிறது. எடுத்தவரிடம் கேட்டேன். 'ஹார்ட் டிஸ்க்கில இருந்ததை அப்பவே அழிச்சாச்சு அண்ணை' என்றார்.

ஏன் கடைசியில் மட்டும் உடைகிறது? டிவிடி உள்வட்டத்தில் தொடங்கி வெளிவிளிம்பை நோக்கி எழுதப்படுகிறது. 16 மடங்கு என்று சொல்கிற றைட்டர் முழுத் தட்டையும் அந்த வேகத்தில் எழுதுவதில்லை. தொடக்கத்தில் அதில் பாதிகூட இராது, விளிம்புக்கு வரும்போதுதான் 16ஐத் தொடும். வட்டு மலிவானது என்றால், அந்த வேகத்தில், அந்த விளிம்பில்தான் எழுத்து சொதப்பும். தட்டில் ஒட்டிய காகிதமும் அதன் சமநிலையைக் கெடுக்கும். அப்பப்பா இருந்த இடமும் அந்த விளிம்புதான்.

சரி, மிஞ்சியதையாவது காப்பாற்றிப் புதிதாக எழுதுவோம் என்றுதான் இந்த றைட்டரை வாங்கினேன். இந்த முறை கண்ணை மூடி நம்பவில்லை, சோதித்தேன். லப்டொப்பில் செருகி எழுதத் தொடங்கினால் மூன்றில் ஒரு பங்கில் நின்றுவிட்டது. ஒரு வட்டு குப்பைக்கு. மறுபடியும் அதே இடம், இன்னொரு வட்டு குப்பைக்கு. யுஎஸ்பி 2 துளை ஒன்று 500 மில்லியம்பியர்தான் தரும். எழுதும்போது லேசருக்கும் மோட்டருக்கும் அது காணாது. இரண்டு துளையிலிருந்து கரண்ட் எடுக்கிற இரட்டைத் தலைக் கேபிள் ஒன்றைப் பெட்டிக்குள் வைத்திருக்க வேண்டும், வைக்கவில்லை. பழைய மேசைக் கொம்பியூட்டரின் பின்பக்கத் துளையில் நேரடியாகக் கொடுத்தபின்தான் கடைசிவரை ஓடியது.

ஓடி முடிந்ததும் 'வெற்றிகரமாக எழுதப்பட்டது' என்று திரையில் வந்தது. இந்த வசனத்தைத்தான் நான் வெறுக்கிறேன். லேசர் கடைசிவரை போய்வந்தது என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. எழுதியதை வாசிக்க முடியுமா என்று தெரிய, திரும்ப வாசித்து மூலத்தோடு ஒப்பிட வேண்டும். அதுவும் முழுதாகக் காணாது. டிவிடியில் பிழை திருத்தத் தரவு சேர்ந்தே எழுதப்படுகிறது; சின்னச் சின்னப் பிழைகளை டிரைவ் சத்தமில்லாமல் திருத்திக்கொண்டு, எல்லாம் சரி என்று காட்டும். உள்ளே எவ்வளவு பிழை என்று எண்ணிக் காட்டுகிற மென்பொருள் உண்டு, ஆனால் எல்லா டிரைவும் அந்த எண்ணிக்கையைத் தராது. என்னுடையது தரவில்லை. வவுனியாவில் கூட்டாளி ஒருவன் வீட்டில் இருக்கிற பழைய டிரைவ் தந்தது. பஸ் பிடித்துப் போனேன்.

வட்டில் தரவு தொகுதி தொகுதியாகத்தான் எழுதப்படுகிறது. அடுத்தடுத்த எட்டுத் தொகுதிக்கு 280 பிழை வரை என்பது தர வரம்பு. கடையில் உதிரியாகக் கொடுத்த வட்டு உள்வட்டத்தில் 30க்குள் இருந்து, விளிம்பில் ஆயிரத்தைத் தாண்டியது. பெயருள்ள வட்டு, அதே றைட்டர், அதே 8 மடங்கு, கடைசிவரை 40ஐத் தாண்டவில்லை. மெதுவாக எழுதினால் எல்லாம் சரியாகும் என்று ஆட்கள் சொல்வார்கள். உதிரி வட்டை 4இலும் எழுதிப் பார்த்தேன், திருந்தவில்லை. அந்த வட்டுகளை அவர்கள் வைத்திருக்கிற இடத்தை நீங்கள் பார்க்க வேண்டும்! ஏ9 வீதியைப் பார்த்த கண்ணாடி அலுமாரி, மத்தியான வெயில் நேரே விழுகிறது, மேலே செம்புழுதி. வட்டுக்குள் இருப்பது வெளிச்சத்திலும் சூட்டிலும் கெட்டுப்போகிற சாயம். எழுதுவதற்கு முதலே அதை வேகவைத்து விற்கிறார்கள்.

கடையில் போய்க் கேட்டேன். பள்ளிக்கூட விழா, சாமத்திய வீடு, செத்தவீடு என்று நாளுக்கு எத்தனை வட்டு எழுதிக் கொடுக்கிறீர்கள், ஒன்றையாவது திரும்ப வாசித்துப் பார்க்கிறீர்களா என்று. 'அதுக்கு எங்க அண்ணை நேரம்' என்றான் தம்பி. 8 மடங்கில் முழு வட்டு ஒன்று எழுத எட்டு நிமிடம் அளவில் ஆகும். வாசித்துப் பார்க்க இன்னொரு எட்டு நிமிடம் என்று வையுங்கள். அந்த நேரத்துக்குக் காசு கேளுங்கள், தருகிறோம். வீட்டில் இருந்த ஒரு படமும் மிஞ்சாத சனம் நாங்கள். எங்களுக்கு இதில் கொப்பி வேறெங்கும் இல்லை.

கூட்டாளியின் டிரைவ் பழைய வட்டை மெல்ல மெல்ல வாசித்து, உடைந்த இடத்துக்குப் பிறகும் இரண்டு நிமிடம் மீட்டுத் தந்தது. அறுகரிசி விழுகிறது, தங்கச்சி குனிகிறாள். மற்ற நாலு நிமிடம் வரவில்லை. மீட்டதை மூன்று நல்ல வட்டில் எழுதி, மூன்றையும் பிழை எண்ணிப் பார்த்து, ஒன்றை அம்மாவின் அலுமாரியில் சீலைக்குள் வைத்திருக்கிறேன். காகிதம் ஒட்டவில்லை.