ஸ்லோ மோஷன் யாருக்குக் கிடைக்கிறது?

அமெரிக்க ஹைஸ்கூல் படங்கள் திரும்பத் திரும்ப ஒரே விஷயத்தைத்தான் சொல்கின்றன. அழகும் காசும் உள்ள நாலு பேர் சேர்ந்துகொண்டு மற்ற பிள்ளைகளை ஆட்டிப்படைப்பது தப்பு. சரி, ரொம்ப நல்ல விஷயம். ஆனால் வசனத்தில் இதைச் சொல்லிவிட்டு, கேமராவையும் காஸ்ட்யூமையும் அந்த நாலு பேருக்கே கொடுத்துவிடுகிறார்கள். இந்தப் படங்களை நான் மிகவும் விரும்பிப் பார்க்கிறவள். அதனாலேயே இது எனக்கு உறுத்துகிறது.

'மீன் கேர்ள்ஸ்' (2004) படத்தில் சாப்பாட்டுக் கூடம் வருகிற இடத்தைக் கவனியுங்கள். பள்ளிக்குப் புதிதாக வந்த கேடியின் கையில், அவள் தோழி ஜேனிஸ் வரைந்து கொடுத்த வரைபடம். எந்த மேசை எந்தக் கூட்டத்துக்கு என்று அதில் குறித்திருக்கிறது. விளையாட்டு வீரர்கள், ஆசிய மாணவர்களில் படிப்பாளிகள் தனி, பந்தா பண்ணுகிறவர்கள் தனி, கவலையைச் சாப்பிட்டே தீர்க்கிற பெண்கள் என்று ஒவ்வொரு மேசைக்கும் ஒரு பெயர். கேமரா ஒவ்வொன்றையும் ஓரிரு நொடி காட்டிவிட்டு நகர்ந்துவிடும். அந்த நொடிக்குள் ஆளை அடையாளம் தெரிய வேண்டுமே, அதனால் ஒரு மேசையில் இருப்பவர்களுக்கெல்லாம் ஒரே மாதிரி உடை. பள்ளியையே ஆட்டிப்படைக்கும் கூட்டத்தின் தலைவி ரெஜினாவுக்கு மட்டும் வேறு கணக்கு. அவள் அறிமுகமாகும்போது பையன்கள் அவளைத் தூக்கிச் சுமந்து வருகிறார்கள். அவளைப் பற்றிப் பேச ஒவ்வொரு மாணவராகக் கேமரா முன்னால் வந்து நிற்கிறார்கள். அவள் யாரென்று நமக்குத் தெரிவதற்கு முன்பே நாமும் அண்ணாந்து பார்க்கப் பழகிவிடுகிறோம்.

உடையை அதிகாரமாகக் காட்டுவதில் இந்தப் படங்கள் கெட்டி என்பதை மறுக்கவே மாட்டேன். 'ஹெதர்ஸ்' (1989) படத்தில் ஹெதர் என்ற பெயருள்ள மூன்று பெண்களும் வெரோனிகாவும் ஒரு கூட்டம். சிவப்பு, பச்சை, மஞ்சள், நீலம் என்று ஆளுக்கொரு நிறம். தலைவியின் கூந்தலைக் கட்டியிருக்கும் துணிப்பட்டை, அந்தச் சிவப்பு ஸ்க்ரஞ்சி, அவள் செத்த பிறகு அடுத்தவள் தலைக்குப் போகும், கடைசியில் வெரோனிகா அதைப் பறித்துத் தானே மாட்டிக்கொள்வாள். ஆட்சி மாறியதை வேறு யாரும் விளக்கவே வேண்டாம். 'மீன் கேர்ள்ஸ்' ரெஜினா எடை கூடி ஸ்வெட்பேன்ட் போட்டுவந்த அன்றைக்கு அவள் கூட்டமே அவளை மேசையில் உட்கார விடாததும் இதே ரகம்தான். உடை விதியைப் போட்டவளே அதில் மாட்டுகிறாள்.

என் வருத்தமெல்லாம் கீழ் வரிசையில் இருக்கும் பிள்ளைகளைப் பற்றித்தான். ஜான் ஹியூஸின் 'தி பிரேக்ஃபாஸ்ட் கிளப்' (1985) இந்த வகைப் படங்களில் ரொம்ப நேர்மையானது என்று பெயர் வாங்கியது. பெரும்பாலும் அந்தப் பெயருக்குத் தகுதியானதும்கூட. சனிக்கிழமை தண்டனைக்காக நூலகத்தில் உட்கார வைக்கப்பட்ட ஐந்து பேர். மதியச் சாப்பாட்டைப் பிரிக்கிறபோதே வீட்டு நிலவரம் தெரிந்துவிடும். கிளேர் சுஷி கொண்டுவந்திருக்கிறாள். பிரையனுக்கு ஓரம் வெட்டிய சாண்ட்விச். பெண்டருக்கு ஒன்றுமே இல்லை. பிறகு ஐவரும் மேசைகளை விட்டிறங்கித் தரையில் வட்டமாக உட்கார்ந்து பேசுகிறார்கள். கேமராவும் அவர்கள் முகத்துக்கு நேரே இறங்கி வருகிறது. யாரும் யாருக்கும் மேலே இல்லை. எவ்வளவு அருமையான காட்சி அது!

அப்புறம் என்ன நடக்கிறது? கறுப்பு உடைக்குள்ளும் முகத்தில் விழும் முடிக்குள்ளும் ஒளிந்திருந்த ஆலிசனைக் கிளேர் கூட்டிக்கொண்டு போகிறாள். கண் மையைத் துடைத்து, முடியை ஒதுக்கி ரிப்பன் கட்டி, வெளிர் நிறத்தில் மேலாடை போட்டு வெளியே அழைத்து வருகிறாள். இப்போது கேமரா நிற்பது மல்யுத்த வீரன் ஆண்ட்ரூவின் பக்கம். அவன் பார்க்கிறான், மலைத்துப்போகிறான், அவனோடு சேர்ந்து நாமும் மலைக்க வேண்டும். அதுவரை அவள் பேசிய பேச்சு, அந்தக் குறும்பு, அந்தத் துணிச்சல் எதற்கும் கிடைக்காத ஷாட் ஒரு ரிப்பனுக்குக் கிடைக்கிறது. ஐந்து பேருடைய பெயர்ப்பலகைகளையும் கழற்ற வந்த படம், ஒருத்திக்கு மட்டும் வேறு பலகையை மாட்டி அனுப்புகிறது. பிரையன் கதை இன்னும் மோசம். அவனுக்குப் புது உடையும் இல்லை, ஜோடியும் இல்லை. எல்லாருக்கும் சேர்த்து அவன் உட்கார்ந்து கட்டுரை எழுதுகிறான்.

பள்ளிக்கூடத்தில் கூட்டங்களே இல்லை, உடையில் வித்தியாசமே இல்லை என்று நான் சொல்லவில்லை. 1980களின் தொடக்கத்தில் மொழியியலாளர் பெனலோப்பி எக்கர்ட், டெட்ராய்ட் புறநகர்ப் பள்ளி ஒன்றில் மாணவர்களோடு பழகி ஆராய்ந்தார். படிப்பு, விளையாட்டு, மாணவர் மன்றம் என்று பள்ளியோடு ஒட்டியவர்கள் ஒரு பக்கம், பள்ளியை ஒதுக்கியவர்கள் மறுபக்கம். அவர் ஜீன்ஸ் பேன்ட்டின் கால் அகலத்தைக்கூட விடவில்லை. பள்ளியை ஒதுக்கிய கூட்டத்திடம் அகலக்கால் பேன்ட், மற்றவர்களிடம் குறுகலானது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் பெரும்பாலான பிள்ளைகள் இருந்தார்கள், உடையிலும் சரி, பழக்கத்திலும் சரி. அது மட்டுமல்ல, அந்தப் பிரிவுக்கு அடியில் குடும்ப வருமானம் இருந்தது. ஒரு கூட்டம் கல்லூரிக்குப் போகும், இன்னொன்று ஊரிலேயே வேலைக்குப் போகும். இதையெல்லாம் வெறும் ரசனை வித்தியாசமாகக் காட்டினால், ஒரு ஷாப்பிங்கில் தீர்ந்துவிடுகிற பிரச்சினை மாதிரி ஆகிவிடுகிறது. நடுவில் இருக்கும் அந்தப் பெருங்கூட்டம் படத்தில் பின்னணி ஆட்களாக ஓரமாக நடந்துபோகிறது.

வேறு மாதிரி எடுக்க முடியாதா? முடியும். போ பர்ன்ஹாம் இயக்கிய 'எய்த் கிரேட்' (2018) பாருங்கள். கெய்லா என்கிற பதின்மூன்று வயதுப் பெண். அவள் முகப்பருவை மேக்கப் போட்டு மறைக்கவில்லை. வகுப்பில் எல்லாரும் கொண்டாடும் பெண்ணின் பிறந்தநாளுக்கு, நீச்சல்குளத்துக்கு வருகிறாள். மற்ற பெண்களுக்கு இரண்டு துண்டு நீச்சலுடை, கெய்லாவுக்குப் பச்சையில் ஒரே துண்டு. தோளைக் குறுக்கிக்கொண்டு, வயிற்றின் குறுக்கே கையைக் கட்டியபடி நடக்கிறாள். பின்னால் இசையமைப்பாளர் அன்னா மெரடித்தின் மின்னணு இசை அதிர்கிறது. கேமரா அவள் கூடவே இருக்கிறது, அந்தக் கூட்டத்தைப் பார்த்து அவளுக்கு வரும் பயத்தை நமக்கும் கொடுக்கிறது. அந்தப் பச்சை உடையில் கேலி செய்வதற்கான குறிப்பும் இல்லை, மாற்றியே ஆக வேண்டிய குறையும் இல்லை. படம் முடியும்வரை யாரும் அவளை அலங்கரித்துப் படியில் இறக்கிவிடுவதும் இல்லை. ஒரு பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு அன்றைய பொழுது எப்படிக் கழிந்தது என்பதை இவ்வளவு மரியாதையோடு காட்டிய அமெரிக்கப் படம் வேறொன்று எனக்கு நினைவில் வரவில்லை.

2024இல் வந்த 'மீன் கேர்ள்ஸ்' இசைப் படத்தில் கேமரா பல இடங்களில் செல்போன் மாதிரி நிமிர்ந்து நிற்கும். இப்போது பிள்ளைகள் கையிலேயே கேமரா இருக்கிறது, ஆனால் அவர்களும் ரெஜினாவையே திரும்பத் திரும்பப் படம்பிடிக்கிறார்கள். 'எய்த் கிரேட்' அதே கேமராவில்தான் தொடங்குகிறது. தானே தானாக இருப்பது எப்படி என்று கெய்லா தன் அறையில் உட்கார்ந்து வீடியோ எடுத்துப் பேசுகிறாள். திக்கித் திக்கி, வார்த்தை தேடித் தேடிப் பேசுகிறாள். படத்துக்குள் அந்த வீடியோக்களைக் கிட்டத்தட்ட யாருமே பார்ப்பதில்லை. பர்ன்ஹாம் அவளைப் பொறுமையாகப் பேசவிட்டு நம்மைக் கேட்கவைக்கிறார்.